ஆள் வராமல் வந்த சீட்டுகள்

இருதயமேரி திண்டிவனத்துத் தொண்டு நிறுவனமொன்றின் மருத்துவ வண்டியில் நர்ஸாக ஏறியது 1993இல். ஐந்து வருடத்தில் இடுப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே பதினோரு ஊர்கள். ஊருக்கு மாதம் ஒரு நாள், காலை பத்திலிருந்து ஒன்று வரை. அந்த நேரத்தில் பெண்களெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், களை வெட்டப் போயிருப்பார்கள். நேரத்தை மாற்றுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

ஊர் தானே ஒரு வழி கண்டுபிடித்தது. தெருவிலுள்ள நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு யாராவது ஒரு கிழவி கொண்டுவருவாள். இருதயமேரி சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிடுவாள். தப்பு என்று தெரியும். மறுத்தால் அந்த மாத்திரையும் போய்ச் சேராது.

ஒரு நாள் அப்படி வந்தவை எட்டு. அதில் ஒன்று எட்டு மாதக் கர்ப்பிணி கிருஷ்ணவேணியுடையது. சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தவள் அவள் மாமியார்.

"மருமக எப்டி இருக்கா?"

"அவளுக்கு இன்னாங்க சிஸ்டர், களை வெட்டிக்கினுதான் இருக்கறா. சொகுசுதான் ஜாஸ்தி. மெட்டி விரல இறுக்குதாம், கழட்டிப் பொட்டியில வெச்சிட்டா. புருசன் உசிரோட இருக்கசொல்ல!"

மாத்திரை எடுத்த கை நின்றது. "தலவலின்னு சொன்னாளா?"

"தெனம் அதே பாட்டுதான்."

இருதயமேரி பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டாள். "சவுரி, கொல்லைக்கு வுடு வண்டிய."

"அங்க ஏது ரோடு? டயரு பூட்டா நீங்கதான் ஆபீஸ்ல பதில் சொல்லணும்" என்றார் டிரைவர் சவுரிராயன்.

"சொல்றேன். ஜல்தி."

கொல்லையில் கிருஷ்ணவேணியின் வீங்கிய காலில் விரல் வைத்து அழுத்தினாள். பள்ளம் அப்படியே நின்றது. பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

"ரெண்டு வரிசதான் சிஸ்டர், முடிச்சிட்டு வர்றேன்."

"எழுந்து வண்டியில ஏறு."

மண் கையோடு ஏறினாள். திண்டிவனம் பெரியாஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஓடி வந்து தூக்கிக்கொண்டார்கள். தாய் பிழைத்தாள், குழந்தையும், எடை குறைவாக. முந்தைய மூன்று மாதமும் ஆளைப் பார்க்காமல் அந்தச் சீட்டுக்கு மாத்திரை கொடுத்தது தன் கைதான் என்பது மட்டும் இருதயமேரியை விடவில்லை.

மறுமாதம் ஒரு கிழவி மறுபடி சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தாள். இருதயமேரி அதைப் பிரிக்காமல் திருப்பித் தந்தாள்.

"ஆளுங்க கொல்லையில இருக்கறாங்க சிஸ்டர்."

"தெரியும்."

சவுரிராயன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அதன்பின் வண்டி வரப்பு வரப்பாய் நின்றது. ஒரு மணிக்கு முடிய வேண்டியது நாலுக்கும் முடியவில்லை. நேரம் ஏன் தவறுகிறது என்று அலுவலகம் விளக்கம் கேட்டது. ஓடும் வண்டியில் பதில் எழுத உட்கார்ந்தாள். குலுக்கலில் எழுத்து கோணிப்போனது. தாளை மடித்து மருந்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த கொல்லை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.