கோமதி அத்தையும் ஈரத் தம்ளரும்

செய்தி வந்தபோது நான் பள்ளியில், வேதியியல் ஆய்வகத்தில் இருந்தேன். அப்பா வாசலில் நிற்கிறார் என்று மட்டும்தான் வந்து சொன்னார்கள். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, பள்ளியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வாய் திறக்காமலே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அத்தை பக்கத்தில் இருந்திருந்தால், படம் பார்க்கிற மாதிரி, "ஆரம்பம் நல்லா எடுத்திருக்கான் ட்டி" என்று சொல்லியிருப்பார்.

அத்தை இறந்துவிட்டார் என்று பக்கத்து மேசைத் தோழி ஜெஸியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். வகுப்பில் எனக்குச் சேட்டைக்காரி என்று பெயர். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள்.

பதினாறாம் நாளுக்குப் போடும் சிறு நினைவு மலரில் நீயும் எழுது, சேட்டை இல்லாமல் மரியாதையாக எழுது என்று அப்பா சொன்னார். மரியாதைக்குக் குறைவு வராது. ஆனால் சேட்டையை எடுத்துவிட்டால் இது வேறு யாரோ ஓர் அத்தையைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி அத்தை அப்பாவின் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தார். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சர். பகலெல்லாம் கொலை வழக்குகளைத் தட்டிவிட்டு, மாலையில் பேருந்தில் நெரிபட்டு வந்து, கொலைப் படம் போட்டுப் பார்ப்பார். தட்டுகிறார், அச்சமும் தருகிறார், அதனால் தட்டச்சர் என்று நான் கண்டுபிடித்த விளக்கத்தை அலுவலகம் முழுக்கப் பரப்பியவரும் அவரே.

எத்தனை படம் பார்த்தாலும் அத்தைக்கு ஒரு படம்தான் படம். பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது உங்களிடம் முடிவைச் சொல்லிக் கெடுப்பார்கள். அநேகமாக அது நானாகத்தான் இருக்கும்.

கல்லூரி நாளில், சிறுவனாக இருந்த அப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் படத்துக்குப் போனாராம். பேருந்து தாமதமாகிவிட்டது. உள்ளே நுழையும்போது திரையில் ஒரு பெண் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். ஆனால் கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர், திரும்பிப் பார் தாயி என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார். பின்வரிசைப் பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிப்பதற்கு ஏன் இந்தப் பாடு என்று அத்தைக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டார். நாலு பேர் திரும்பி முறைத்தார்கள்.

"எல்லாவருக்கும் என்னமோ தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த மாதிரி ஒரு தனிமை கிடையாது ட்டி" என்பார்.

தவறவிட்டது என்ன என்று பார்க்க மறுநாள் தனியாகப் போனார். அந்த ஆரம்பத்தை நானும் அவரோடு பலமுறை பார்த்திருக்கிறேன். பூட்டிய வீடு. ஒருவன் சாவி போட்டுத் திறக்கிறான். முகம் தெரியாது. செருப்பு மட்டும்தான். அதை வாசலில் கழற்றாமல் கையில் எடுத்துக்கொள்கிறான். பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கிறான். தம்ளரை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைக்கிறான். அப்புறம் பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறான். இசையே கிடையாது. குழாய் சொட்டுகிற சத்தம்தான். அதன் பிறகுதான் காய்கறிப் பையோடு அவள் வருகிறாள். தம்ளரை எடுக்கிறாள். கையில் ஈரம் படுகிறது. ஒரு நொடி நிற்கிறாள். சேலையில் துடைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள்.

அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தை அந்தப் படத்தை வைத்திருந்தார். அவன் கத்தி எடுத்தால்கூட இவ்வளவு பயம் வராது, கத்தியைப் பார்த்தால் அவள் ஓடிவிடுவாள், ஈரத்தைப் பார்த்தால் துடைக்கத்தான் செய்வாள் என்பார். கேமராவும் அவள் கூடவே போகாமல் பீரோவையே பார்த்துக்கொண்டு நிற்கும். நாமும் நிற்க வேண்டியதுதான்.

அத்தையை ஒரு முறையாவது திடுக்கிட வைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் லட்சியம். கதவுக்குப் பின்னால் நின்றேன். கட்டிலுக்கு அடியில் படுத்தேன். ரப்பர் பல்லியைத் தலையணையில் வைத்தேன். ஒவ்வொரு முறையும், நான் பாய்வதற்கு முன்பே, "கொலுசு சத்தம் கேக்குது ட்டி" என்று செய்தித்தாளைப் புரட்டியபடியே சொல்லிவிடுவார். தினமும் அவர் செருப்பில் ஒன்றை ஒளித்து வைப்பதோடு நான் திருப்தி அடைய வேண்டியிருந்தது.

ஒரு விடுமுறை நாளில் காலைச் சாப்பாட்டின்போது, இன்றைக்கு நான் உன்னைப் பயமுறுத்தப் போகிறேன் என்று அமைதியாக அறிவித்தார். அன்று முழுவதும் திரைச்சீலை அசைந்தால் துள்ளினேன். குளியலறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தேன். அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பொழுது சாயும் வரை அத்தை ஒன்றும் செய்யவில்லை. ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று அழாத குறையாகக் கேட்டேன். செய்து முடித்துவிட்டேனே என்றார்.

சென்ற ஆண்டு அத்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மருத்துவர் அப்பாவையும் சித்தப்பாவையும் தனியே அழைத்துப் பேசினார். குணமாகிற நோய் இல்லை. அத்தைக்குச் சொன்னால் மனம் ஒடிந்துவிடுவார், சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவானது. வயிற்றுப் புண் என்று சொல்லப்பட்டது. சித்தப்பா என்னைத் தனியாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், எல்லாப் படத்துக்கும் முடிவைச் சொல்லிக் கெடுக்கிறவள் நீ, இதில் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்.

திறக்கவில்லை. எல்லோரும் நன்றாக நடித்தோம். அம்மா சிரித்துக்கொண்டே கஞ்சி கொடுத்தார். அப்பா தேர்தல் பேசினார்.

ஒரு பிற்பகலில் அத்தை அந்தப் படத்தைப் போடச் சொன்னார். அவள் ஈரத் தம்ளரை எடுத்ததும் படத்தை நிறுத்தினார்.

"இப்ப நம்ம வீடும் அந்தக் கொட்டகை மாதிரியே இருக்கு. எல்லாவரும் என்னையப் பாத்து மூச்சைப் பிடிக்காவ. வயித்துப் புண்ணு இல்ல, அப்படித்தானே?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கப்பன்லாம் நல்லாத்தான் நடிக்கான். நீதான் கெடுத்துட்ட. எத்தன நாளா என் செருப்பு ரெண்டும் வாசல்ல சோடியா கெடக்கு."

எனக்கு அழுகை வந்தது. யாரிடமும் சொல்லாதே, அவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள், வீணாகக் கூடாது என்றார். எனக்குத் தெரியும் என்பது உன் அப்பனுக்குத் தெரிந்துபோனால் என் முன்னால் வந்து உட்காரவே மாட்டான், அதுதான் எனக்குப் பயம் என்றார்.

"நாளையில இருந்து செருப்ப ஒளிச்சு வையி. வீட்டுல ஒரு ஆளாவது சாதாரணமா இருக்கணும்லா."

ஒளித்து வைத்தேன். ரப்பர் பல்லியும் திரும்பி வந்தது. உடம்புக்கு முடியாதவரிடமா விளையாடுகிறாய் என்று சித்தப்பா ஒருநாள் அறையப் பார்த்தார். அவருக்குப் பின்னால் படுத்தபடி அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்பா, சித்தப்பா, நீங்கள் இதைப் படிக்கும்போது முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அத்தை தெரியாமல் போகவில்லை. நீங்கள் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேர்தல் பேச வேண்டும் என்பதற்காகத் தெரியாத மாதிரி இருந்தார். நம் எல்லோரையும்விட நன்றாக நடித்தவர் அவர்தான். முடிவைச் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்ததற்குத் திட்டலாம்.

கடைசி நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன் அவருடைய இடது செருப்பை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து யாரும் எடுக்க வேண்டாம்.

நேற்று மாடிக்குப் போனேன். யாரோ எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பானை மேல் தம்ளர் காய்ந்து கிடந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தம்ளரைத் துடைக்காமல், ஈரத்தோடு, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்.

போய் வாருங்கள், அத்தை.

கொலுசைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பைய இறங்கி வந்தேன்.