கடைசி நான்தான்

இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், "எத்தனை கோப்பை போட்ட?" என்று கேட்டிருப்பேன். அப்படிப்பட்டவள் நான். பேய் என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆனால் அந்த பிப்ரவரி மாலையில் கால்டெக் மலையில் நின்றவள் நான். கேட்டது என் காது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மூன்று பேர் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். நான் வெரெனா. என்னோடு ரோமானா, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் ஒட்டிக்கொண்டவள். அப்புறம் ஆல்பின். இன்ஸ்புருக்கில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருப்பவன். சறுக்குவதில் கெட்டிக்காரன், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரன். போன குளிர்காலத்தில் ரோமானாவுக்கு முழங்கால் ஜவ்வு அறுந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் காலில் சறுக்குக் கட்டையை மாட்டுவது அன்றுதான் முதல் தடவை. மறுபடி ஒரு தடவை திருகிக்கொண்டால் இனி மலைப்பக்கமே வர முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலை முழுக்க நல்ல வெயில். பனி பதமாக இருந்தது. முதல் இறக்கத்தில் ரோமானா தண்ணீர்க் குடம் சுமப்பவள் போல வந்தாள். மதியத்துக்குள் பழைய திமிர் திரும்பிவிட்டது. மலைமேல் இருந்த உணவுக் குடிலில் பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் குடித்தோம். ஆல்பின் மட்டும் பேரிக்காய்ச் சாராயம் இரண்டு போட்டான்.

"உச்சிக்கு ஒரு தடவை போயிட்டு, அந்தப் பக்கமா ஊர் வரைக்கும் ஒரே இறக்கமா இறங்கிடலாம்," என்றான்.

"என் முட்டி?" என்றாள் ரோமானா.

"நான் உன் பின்னாலயே வர்றேன்டி," என்றேன். "விழுந்தா தூக்கிவிட ஆள் இருக்கும். உன்னைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேன். போதுமா?"

"பார்க்கலாம் உன் வாக்கை," என்று சிரித்தாள்.

உச்சிக்குப் போவது பழைய இழுவை லிஃப்ட். மேலே ஓடும் கம்பியிலிருந்து கவிழ்த்த நங்கூரம் போல ஒன்று தொங்கும். ஆளுக்கு ஒரு பக்கமாக இரண்டு பேர் சாய்ந்துகொண்டால் இழுத்துக்கொண்டு போகும். அதைக் கவனித்துக்கொள்பவர் லோய்ஸ். அறுபதைத் தாண்டியவர், முகம் முழுக்க வெயில் சுட்ட கருப்பு.

"பனிமூட்டம் ஏறுது," என்றார். "ஒருத்தரை ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. வேற எதுவும் கத்தாதீங்க."

"பேரை எதுக்குச் சொல்லணும், லோய்ஸ்? உன் மலைக்கு எங்களை அறிமுகப்படுத்தவா?" என்றான் ஆல்பின். அப்பா வயதுக்காரரை இப்படிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். எங்கள் மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேலே மந்திரியானாலும் 'நீ'தான். 'நீங்க' என்பதை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறுவோம்.

லோய்ஸ் சிரிக்கவில்லை. "சொன்னதைச் செய்," என்றார்.

ஆல்பினும் ரோமானாவும் ஒரு கொக்கியில் போனார்கள். அடுத்ததில் நான் தனியாக. தனியாகப் போனால் காலியான பக்கம் ஆடும், கோணிக்கொண்டு முதுகை இடிக்கும். அன்று ஆடவில்லை. தராசு போல நேராக நின்றது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். உச்சியில் நான் விலகிய பிறகும் அது உடனே சுருண்டு மேலே போகவில்லை. இன்னொருவர் இறங்கட்டும் என்பதுபோல ஒரு நொடி நின்று... அப்புறம் போனது.

அதற்குள் மூட்டம் வந்துவிட்டது. வானமும் தரையும் ஒரே வெள்ளை. மணி நான்காகப் போகிறது. லிஃப்ட் நின்றுவிட்டது. இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நாங்கள் வளர்ந்த பள்ளத்தாக்கில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவன் அங்கங்கே நின்று "கடைசி?" என்று கத்துவான். வாலில் வருகிறவர் "கடைசி" என்று பதில் கொடுக்க வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் அவன் நகரலாம். சின்ன வயதிலிருந்து பழகியது. லோய்ஸ் சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை.

ஆல்பின் முன்னால். நடுவில் ரோமானா. வாலில் நான்.

"கடைசி?"

"கடைசி," என்றேன்.

சரியாகத்தான் போனது. ரோமானாவின் கட்டைகள் இறுகிய பனியில் கரகரவென்று உரசுவது கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். இரண்டாவது முறை ஆல்பின் கத்தினான். நான் பதில் சொன்னேன்.

எனக்குப் பின்னால், மெதுவாக இன்னொரு குரல்.

"கடைசி."

எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மூட்டத்தில் எதிரொலி வராது. மலையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? வேறு யாரோ வருகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை. கட்டை உரசும் சத்தமும் இல்லை.

மூன்றாவது முறை.

"கடைசி?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பதற்குள்...

"கடைசி."

என் தோளுக்குப் பின்னால். மூச்சு படும் தூரத்தில்.

"சரி, போலாம்!" கீழே ஆல்பின் கிளம்பும் சத்தம்.

"ஆல்பின், இரு! அது நான் இல்ல!"

பதில் இல்லை. ரோமானாவின் கரகரப்பும் இல்லை. அந்த முழங்காலோடு அவள் எங்கே நிற்கிறாளோ என்ற ஒரே நினைப்பு. வேகமாக இறங்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். முன்னால் மங்கலாக ஓர் உருவம். ஒரு காலில் பாரம் விழாமல், சற்றே சாய்ந்து இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. ரோமானாதான். பின்னாலேயே போனேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு உறைத்தது. என் கட்டைகள் சத்தம் போடுகின்றன. அவளுடையவை போடவில்லை.

பாதையின் இரு ஓரமும் குச்சிகள் நட்டிருப்பார்கள். இறங்கும்போது வலது ஓரக் குச்சியில் ஆரஞ்சுப் பட்டை நீளம். இடது ஓரத்தில் குட்டை. ஒரு குச்சி என்னைக் கடந்து போனது. நீளப் பட்டை.

என் இடப்பக்கத்தில்.

நான் பாதைக்கு வெளியே இருந்தேன்.

"ரோமானா... நில்லு."

உருவம் நின்றது. திரும்பவில்லை.

"நீங்க முன்னாடி போங்க," என்றது. மெல்லிய, மரியாதையான பெண் குரல். "கடைசி நான்தான்."

நீங்க.

ரோமானா என்னைக் கழுதை என்பாள், எருமை என்பாள். ஒருநாளும் நீங்க என்றதில்லை.

அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன். கையிலிருந்த ஊன்றுகோல் ஒன்று நழுவிக் கீழே போனது.

விழுந்த சத்தம்...

கேட்கவே இல்லை.

கட்டை நுனிகளுக்கு அப்பால் தரை இல்லை.

"ரோமானா!" என்று அலறினேன். பேரை. பேரை மட்டும்.

மேலே, இடப்பக்கத்திலிருந்து அழுகையாக ஒரு குரல். "வெரெனா! வெரெனா!"

மறுபடி பார்த்தபோது முன்னால் யாரும் இல்லை. பக்கவாட்டில் அடி அடியாக வைத்து, அந்தக் குரலைப் பிடித்து ஏறினேன். ரோமானா ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கடி போன? கடைசின்னு என் காதுகிட்ட கத்தின. அவன் போயிட்டான். திரும்பிப் பார்த்தா நீ இல்ல."

"கத்தினது நான் இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் மிச்சமிருந்த ஊன்றுகோலில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டோம். அவள் முன்னால், நான் பின்னால். அவள் என் பேரைச் சொல்ல, நான் அவள் பேரைச் சொல்ல, ஊர் விளக்குகள் தெரியும்வரை நிறுத்தவில்லை. அவள் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக இன்றும் கும்பிடுகிறேன்.

கீழே சாராயக்கடையில் ஆல்பின் உட்கார்ந்திருந்தான். மேஜையில் ரம் ஊற்றிய தேநீர் மூன்று கோப்பை.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? சேர்ந்துதானே வந்தோம்? கட்டையைக் கழட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள ஆளைக் காணோம்."

"சேர்ந்தா?" என்றேன்.

"கேட்ட இடத்துலல்லாம் கடைசின்னு சத்தம் வந்துச்சே. ஊர் வரைக்கும் வந்துச்சு. மூட்டத்துல ஒரு ஆளும் தெரிஞ்சுது. இன்னொருத்தி பின்னால இருப்பான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

லிஃப்டை மூடிவிட்டு வேறு பாதையில் இறங்கி வந்திருந்த லோய்ஸ் பக்கத்து மேஜையில்தான் இருந்தார். எழுந்து வந்தார்.

"கடைசின்னு கத்தினீங்களா?"

நான் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது நடந்ததாம். சறுக்குப் பழக வந்த ஒரு கூட்டம், இதே மூட்டம். ஆசிரியர் "கடைசி?" என்று கேட்க, நடுவிலிருந்த ஒருவன் விளையாட்டாகப் பதில் கொடுத்துவிட்டான். கூட்டம் இறங்கிவிட்டது. நிஜமான கடைசி, வியன்னாவிலிருந்து வந்த ஒரு பெண். புதியவள், மலைப்பழக்கம் தெரியாமல் எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவாளாம். பனி உருகிய பிறகு, என் ஊன்றுகோல் விழுந்த அந்தப் பள்ளத்தில்தான் பிணமாகக் கிடைத்தாள்.

"அதுலேருந்து இந்த மலையில யாரும் அந்த வார்த்தையைச் சொல்றதில்ல," என்றார். அப்புறம் ஆல்பினைப் பார்த்தார். "மேல் மலையை விட்டு அது இறங்கினதாக் கேள்விப்பட்டதில்ல. ஊருக்கு வந்ததும் நீ என்ன சொன்ன?"

ஆல்பினின் உதடு வெளுத்திருந்தது. இறங்கி முடித்ததும் முன்னால் போனவன் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. அதையும் சின்ன வயதிலிருந்தே பழகியிருந்தோம்.

"எல்லாரும் வந்தாச்சு... உள்ள வாங்கன்னேன்."

லோய்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மூன்றாவது கோப்பை எனக்கு முன்னால்தான் இருந்தது. யாரை அழைத்து ஊற்றி வைத்தானோ, நான் தொடவில்லை.

இது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. ரோமானா மறுபடி சறுக்குகிறாள். ஆல்பின் மலைக்கு வருவதில்லை. டிராமில்கூட எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுகிறான். நானும் கேலி செய்து பார்த்தேன், அவன் சிரிக்கவில்லை.

போன வாரம் எங்கள் கட்டடத்து வாசலில் மூன்று பேரும் சேர்ந்து வந்தோம். ரோமானா உள்ளே போனாள். நான் போனேன். ஆல்பின் கடைசியாக வந்து கதவைப் பிடித்தான்.

உடனே மூடவில்லை.

ஓர் அடி ஒதுங்கி நின்றான். யாருக்கோ வழிவிட்டுவிட்டு, அப்புறம்தான் மூடினான்.