அவர் கவிதையில் வந்த 'நீ'

என் வீட்டுக்காரர் காதல் கவிதை எழுதுவார் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசி அது. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகுத் தோட்டம் இருந்தது. உட்கார்ந்து எழுத அவருக்கு வராது. வாசலில் காயும் மிளகைக் காலால் துழாவிக்கொண்டே முணுமுணுப்பார். முழுசாக வந்த பிறகுதான் பேனாவைத் தேடுவார். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், காலையிலேயே யாரைத் திட்டுகிறார் என்று என்னிடம் கேட்பார்கள்.

திட்டுவது போலத்தான் இருக்கும். கண், இதழ், நிலா எதுவும் அந்தக் கவிதைகளில் கிடையாது. வரப்புத் தகராறில் நிற்கிறவர் மாதிரி 'நீ' என்று ஆரம்பிப்பார். காரணத்துக்கு மேல் காரணம் அடுக்குவார். உயிர், சாவு, கடவுள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் காதல்தான் ஜெயித்தது என்று முடிப்பார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த 'நீ' நானா? கேட்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு மிளகைப் பற்றி ஒன்று எழுதினார். பழுத்த மிளகை ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை மிளகு. அதற்கு மதிப்பு அதிகம். உடம்பைக் கழித்துவிட்டால் காதலும் அப்படிச் சுத்தமாகிவிடும் என்கிறார்கள். ஆனால் மணம் தோலில் அல்லவா இருக்கிறது, அதனால் என்னை உரிக்காமலே எடுத்துக்கொள் என்று அந்த 'நீ'யிடம் வாதாடியிருந்தார். கேட்டதும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் ஒரு கூட்டத்தில் அதை வாசித்தார். பாராட்டிப் பேசிய பெரியவர் ஒருவர், 'நீ' என்பது பரம்பொருள், கெஞ்சுவது ஆன்மா என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வருகையில் பஸ் மலை ஏறும்போது கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, அந்த 'நீ' கடவுளுங்களா?"

"அவரு அப்படிச் சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

வளைவு ஒன்றில் பஸ் சாய, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"கடவுளா இருந்தா, தோலு மணக்குதுன்னு எதுக்குக் கண்ணு வாதாடோணும்?"

"அப்ப நானுங்களா?"

"யோசிச்சுப் பாரு, உனக்கே தெரியும்."

கட்டினவள் இதைக்கூட யோசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஊருக்கெல்லாம் அத்தனை காரணம் சொல்கிற மனுஷனுக்கு, 'நீதான்' என்று ஒரு சொல் வாயில் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் நான் கேட்கவே இல்லை. அவரும் அதே 'நீ'யை வைத்து இன்னும் சில வருஷம் எழுதிவிட்டு, ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார்.

இப்போது எப்போதாவது அவர் கவிதைகளைப் படித்துவிட்டுக் காலேஜ் பிள்ளைகள் மலையேறி வருகிறார்கள். அந்த 'நீ' கடவுளா, மனுஷியா என்று என் எதிரிலேயே வாதாடுகிறார்கள். காப்பியைக் கொடுத்துவிட்டு, "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன். மறுத்துச் சொல்ல அவர் இல்லை.