கரடி பிடித்த குடை

ஞாயிற்றுக்கிழமை மதியம். பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குட்டி அனிமேஷன் படம் வந்தது. ‘குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டியது’ என்று ஒரு பூங்கொத்து வேறு.

எதையும் முதலில் நான் பார்த்துவிட்டுத்தான் மகளுக்குக் காட்டுவேன். கார்ட்டூன் பூனையைக்கூட சந்தேகப்படும் ஜாதி நான். அன்று அடுப்பில் குழம்பு... அப்படியே போனைக் கொடுத்துவிட்டேன்.

எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு கிழட்டுக் கரடி. மனைவி இறந்துவிட்டாள். மழையில் தனியாக நடக்கிறது. ஆனால் குடையை நேராகப் பிடிக்கவில்லை — பக்கத்தில் அவள் நடப்பதுபோல் சாய்த்துப் பிடிக்கிறது. பாதி நனைகிறது. வசனமே கிடையாது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு இதையா காட்டினேன்?

யாழினி அசரவில்லை. “அந்தக் கரடி ஏம்மா அழுவுது? அதோட பொண்டாட்டி பிரான்ஸ்தானே போயிருக்கு? தேருக்கு வந்துடும்ல?”

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். போன கார்த்திகையில் என் மாமனார் இறந்தார். அவளைத் தினமும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனவர். காரியம் முடியும்வரை அவளை விழுப்புரத்தில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்து தாத்தா எங்கே என்றாள். என் கணவர் சட்டென்று, பிரான்ஸ் போயிருக்கார் என்றார்.

எங்கள் தெருவில் பாதி வீட்டில் யாராவது பிரான்ஸில் இருக்கிறார்கள். ஆடியில் லீவு விட்டதும் வந்து, வீராம்பட்டினம் தேர் பார்த்து, சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார்கள். புதுச்சேரிக் குழந்தைக்கு பிரான்ஸ் என்பது திரும்பி வருகிற இடம்!

சொல்லவா, விடவா? சொன்னால் பயந்துவிடுவாளோ? சொல்லாவிட்டால் ஆடி வந்துவிடுமே...

யோசித்துப் பாருங்கள். சாமிகிட்ட போயிட்டார், மேலே போயிட்டார், போய்ச் சேர்ந்துட்டார் — இறந்தவர்களை எல்லோரும் எங்கேயாவது அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறோம். நாங்கள் விமானத்தில் அனுப்பிவிட்டோம். அவ்வளவுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தாத்தா பிரான்ஸ் போகலடா. கரடியோட பொண்டாட்டி மாதிரி செத்துப்போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க.”

அணைந்துபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பாவம்.”

கொஞ்ச நேரம் என் மடியில் அழுதாள். பிறகு தயிர் சாதம் கேட்டாள். நான்தான் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து கணவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் போய் நின்றாள். “நீ அழுவுறதுன்னா அழுவுப்பா. கரடிகூட அழுதுச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். முகம் கழுவப் போனவர் திரும்பிவர வெகுநேரம் ஆனது. அன்றிரவு ரொம்ப நாளைக்குப் பிறகு, அப்பாவும் மகளும் தாத்தாவைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாலை கடைக்குக் கிளம்பினோம். கோடை மழை பிடித்துக்கொண்டது. குடையை விரித்தேன். யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் புடிம்மா. தாத்தாவுக்கு.”

ஒரு தோள் முழுக்க நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். சளி பிடிக்குமோ?

பிடித்தால் பிடிக்கட்டும்.