எலிக்கு மூத்திரம் எடுக்கும் உத்தியோகம்

முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காக ஆராய்ச்சி செய்கிற நாங்கள் மூளையைவிட மூத்திரப்பையைப் பற்றித்தான் ஜாஸ்தி யோசிக்கிறோம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

கிறீச் கிறீச்

தண்டுவடம் அடிபட்ட எலிக்கு மூத்திரம் தானாகப் போகாது. காலையும் மாலையும் வயிற்றை மெல்ல அழுத்தி நாம்தான் எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் இருட்டிய பிறகு எங்கள் வேலூர் ஆய்வகத்தின் எலி அறைக்குப் போனால், உள்ளே கிறீச் கிறீச் என்று சத்தம். கான்வென்டில் படித்த ஜெபம் அத்தனையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன். செயலற்ற பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, ஒரு எலி முன்னங்கால்களாலேயே கூண்டுச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் தனசேகர் அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா மேடம், எலிக்கே பயமில்ல, உங்களுக்கு இன்னா?"

ஞாயிற்றுக்கிழமையும்

எலிக்கு ஏது ஞாயிறு? ஆம்பூரில் மாமியார் வீட்டில் பிரியாணி சாப்பிட்ட கையோடு கிளம்பினேன். எதற்கு என்று மாமியார் கேட்டார். சொன்னேன்.

"ஏம்மா, எலிக்கு மூத்திரம் எடுத்து வுடறதுக்கா உங்கப்பா உன்ன அவ்ளோ படிக்க வெச்சாரு?"

பென்சில்

விழுந்தவர்களையே பார்த்துப் பார்த்து, என் மகன் சோபா மேல் ஏறினாலே எனக்கு வேர்க்கிறது. தண்டுவடம் சரியாக இருக்கிறதா என்று, தூங்கும்போது பென்சிலால் அவன் உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பேன். விரல் கீழே மடங்கினால்தான் நிம்மதி. ஒரு தடவை விழித்துக்கொண்டு வீடே அதிரக் கத்தினான். கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பென்சில இப்படிக் குடு. செக் பண்ண வேண்டியது உன்னத்தான்."

ஏழுமலையின் கதவு

ராணிப்பேட்டையில் தோல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தவர் ஏழுமலை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். ஆராய்ச்சி பலித்தால் முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். நடக்கணும் என்பார் என்று நினைத்தேன்.

"நடக்கறத அப்பால பாத்துக்கலாம் மேடம். பாத்ரூம்ல கதவ சாத்திக்கினு தனியா ஒக்காரணும். இப்ப பொண்டாட்டி கூடவே நிக்கிறா, கதவு தொறந்தே கெடக்குது."

அதற்கு என்னிடம் மருந்தில்லை. டியூப் போட்டுத் தானே மூத்திரம் எடுத்துக்கொள்ள எங்கள் நர்ஸ் பழக்கினார். கொத்தனார் பாத்ரூம் வாசலை அகலப்படுத்தி, தாழ்ப்பாளை நாற்காலி உயரத்துக்கு இறக்கினார். முதல் நாள் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன்.

"தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க அண்ணே," என்றேன், பயத்தில்.

"வுழுந்தா யாரு தூக்கறது?" என்றார் அவர் மனைவி செல்வி.

ஏழுமலை நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே 'டக்' என்று சத்தம். நாங்கள் இருவரும் கதவில் காதை வைத்தோம்.

"உள்ள ஆளு இருக்கேன் இல்ல? ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க!"

இத்தனை வருட ஆராய்ச்சியில் நான் கண்ணால் பார்த்த வெற்றி, என்னை வெளியே நிற்கவைத்து உள்ளிருந்து போட்ட அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.