கொடுமுடியில் ஒரு நிழலும் இரண்டு மீசையும்

சித்திரை முதல் வாரத்தில் நானும் காதர் பாயும் கொடுமுடி போனது சாமிக்காகவும் இல்லை, காவிரிக்காகவும் இல்லை. மீசைக்காக.

பாய் கோயமுத்தூர் உக்கடத்தில் துணிக்கடைக்காரர். நான் அஞ்சாப்பு வரை படித்தவன். என் போனில் ஒரு மென்பொருள் இருக்கிறது. ஊரையும் தேதியையும் போட்டால் சூரியன் எந்த நேரத்தில் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். அது, சித்திரையில் ஒரு நாள் உச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும், நேராக நிற்கிற எதற்கும் நிழல் விழாது என்றது. பாயிடம் சொன்னேன். நாற்பது வருடமாகக் கடை வாசலில் நிற்கிறாராம், நிழல் ஒரு நாளும் லீவு போட்டதில்லையாம். தோற்றவர் அந்த இடத்திலேயே மீசையை எடுப்பது என்று பந்தயம். மொட்டை போடுகிற கொடுமுடிப் படித்துறைதான் அதற்குத் தோது. தெரிந்தவர்கள் கண்ணிலும் பட மாட்டோம்.

காலை ஆறரைக்குக் காந்திபுரத்தில் ஈரோடு பஸ். நூறு கிலோமீட்டர். பாய் துணி அளக்கும் இரும்பு மீட்டர் கம்பியோடு வந்திருந்தார். பெருந்துறையில் ஏறிய கூட்டம் அந்தக் கம்பிக்குப் பயந்து தள்ளியே நின்றது. கண்டக்டர் என் போனை எட்டிப் பார்த்து மழை வருமா என்று கேட்டார். பாய் மீசைக்குத்தான் ஆபத்து என்றேன். ஈரோட்டில் டிபன் முடித்து வேறு பஸ், இன்னொரு நாற்பது கிலோமீட்டர். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் வேகவைத்துவிடும்.

பதினொன்றரைக்கு ஆற்றங்கரை மணலில் கம்பியை நட்டோம். பன்னிரண்டுக்கு அதன் நிழல் கோயில் பக்கமாக நான்கு விரல் அகலம் கிடந்தது.

"என்னங்ணா, உச்சி ஆயிப்போச்சு. நெழலு இன்னும் ஊட்டுக்குப் போகலீங்ளே?" என்றார் பாய்.

"கடியாரத்துப் பன்னெண்டு வேற, உச்சி வேறைங் பாய். பன்னெண்டு இருவத்திரண்டுன்னு போன் சொல்லுது. பொறுங்க."

வெயில் தாங்கவில்லை. முடி எடுக்கிறவர் ஒருவரின் குடைக்குள் ஒதுங்கினோம். முக்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். மீசை போனால் உங்கள் முகம் பித்தான் வைக்க மறந்த சட்டை மாதிரி இருக்கும் என்று பாயைச் சீண்டினேன். உங்களுக்கு மட்டும் என்ன வாழுது என்று அவர் ஆரம்பித்தார். கம்பியை இருவரும் மறந்துவிட்டோம். உதட்டுக்கு மேல் ஜில்லென்று தண்ணீர் பட்டது. வெயிலுக்கு இதமாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்துப் பட்டது கத்தி. வலது பாதி போய்விட்டது.

"மீசை ஒண்ணு எடுக்கோணும்னு அந்தய்யா வந்ததுமே சொல்லிப்போட்டாருங்க," என்று பாயைக் காட்டினார் முடி எடுக்கிறவர். "நீங்க வந்து உக்காந்தீங்க."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த முக்காலியில் சும்மா உட்கார யார் வருவார்கள்?

பாதி மீசையோடு கம்பிக்கு ஓடினேன். பன்னிரண்டு இருபத்திரண்டு. ஒரு விரல் அகலத்துக்கு நிழல் இருந்தது. பாய் கைதட்டப் போனவர் நின்றுவிட்டார். நிழல் இப்போது ஆற்றுப் பக்கம் கிடந்தது.

போனை மறுபடி பார்த்தேன். ஊர் என்ற இடத்தில் கோயமுத்தூரே இருந்தது. வீட்டில் போட்டதை மாற்றவே இல்லை. கொடுமுடி என்று மாற்றினேன். உச்சி பன்னிரண்டு பதினெட்டு. நிழல் மறைந்தபோது நான் கத்திக்கு முகம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாம்தான் பார்க்கவில்லையே என்று பாய் தப்பித்திருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போவோணும்னா, நடுவுல இல்லாமத்தானுங்ளே போயிருக்கோணும். நாந் தோத்துட்டனுங்," என்று முக்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு முடிந்ததும் என் இடது பாதியையும் கொடுத்தேன். வேறு வழி?

திரும்பும் பஸ்ஸில் இருவரும் வாயைத் துண்டால் மூடிக்கொண்டோம். அவிநாசி தாண்டியதும் பாய் சொன்னார்: "ஜெயிச்சவரு நீங்கதானுங்ணா. ஊட்ல போயிச் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை.

நீங்களும் போவதானால், எந்த ஊரில் நிற்கிறீர்களோ அந்த ஊரைப் போனில் போடுங்கள். கிழக்கே போகப் போக உச்சி முந்திவிடும். கம்பி நேராக நிற்கிறதா என்று நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். குடை நீங்களே கொண்டு போங்கள், அடுத்தவர் குடைக்குள் ஒதுங்கவே வேண்டாம்.

சித்திரையைத் தவறவிட்டால் ஆவணியில் சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு நாள் உண்டு. அதற்குள் மீசை பழைய கனத்துக்கு வராது, புருவத்தைப் பந்தயம் வைக்கலாமா என்று பாய் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.