வேல் தெரிந்த படம்

முள் குத்தியது எனக்குத் தெரியவில்லை. களத்து மண்ணில் ரத்தத் தடத்தைப் பார்த்து என் கணவர்தான் கத்தினார். இடது பாதம் மரத்துப் போயிருந்தது. அதற்கு முன்பே மூன்று மாதமாக இழுப்பு (மூச்சுத்திணறல்). அடுத்த வாரம் இருமலில் ரத்தம் வந்தது.

திருத்தணி வைத்தியர் க்ஷயம் (காசநோய்) என்றார். எங்கள் பத்து மாதப் பிள்ளையை அன்றே நாத்தனார் மணவூருக்குத் தூக்கிப் போனாள். நெஞ்சு வலித்தது பால் கட்டியதாலா, நோயாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் கழுத்துக் கயிற்றில் சின்ன வெள்ளி வேல் ஒன்று இருந்தது. பிரசவத்துக்கு வேண்டிக் கட்டியது. பிள்ளைக்கு முடி இறக்கும் அன்று திருத்தணி மலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

"கழட்டும்மா."

"மாட்டேங்க."

படமெடுப்பவர் முணுமுணுத்தபடி அதைத் தோளோரம் ஒதுக்கிவிட்டார்.

உயிரோடிருக்கும்போதே என் எலும்புகளைப் பார்த்தேன். மலைத்துப் போனேன். வலது பக்கம் மேலே வெள்ளையாக ஒரு படலம். அதைத்தான் நிழல் என்கிறார்கள். தோளோரம் வேல் பளிச்சென்று தெரிந்தது.

க்ஷய ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்க ஆறு வாரம் ஆனது. சேர்வதற்கு முன் இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டையும் வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

"யார் படத்தை யார் உறையில போட்டீங்க? இந்தம்மா நிழல் வலது பக்கம் மேலே. இதுல அங்க ஒண்ணுமே இல்லை, இடது பக்கம் கீழே இருக்கு!"

"என்னுதுதாங்க அது," என்றேன். "வேலப் பாருங்க, நுனி ஒடிஞ்சிகீது. ரெண்டுலயும் அப்பிடியே கீது."

டாக்டர் இரண்டு படத்திலும் வேலின் நுனியை உற்றுப் பார்த்தார். பிறகு வேறென்ன தொந்தரவு என்று கேட்டு, என் பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். மூன்று முறை சோதித்தும் சளியில் காசக் கிருமி இல்லை என்ற சீட்டைத் திரும்பப் படித்தார்.

"காசம் இப்படி இடம் மாறாது. கால் மரப்பு, இழுப்பு, இந்த நிழல், எல்லாம் ஒரே வியாதிதான். ரத்தக்குழாய்ச் சுவர் வீங்கிப் புண்ணாகுது."

"மருந்துங்க?" என்றார் என் கணவர்.

"இதுக்குன்னு இன்னும் வரலை. தானா அடங்கலாம். அடங்காமலும் போகலாம்."

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "கொயந்தைக்கு ஒட்டிக்குங்களா?"

"ஒட்டாது. தாராளமா தூக்கு."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சில மாதத்தில் எனக்கு அடங்கியது. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கடைசிப் படத்தில் எலும்பும் வேலும் மட்டும் இருந்தன. உங்களுக்கும் நிழல் என்று சொன்னால், ஒரே படத்தோடு மனம் விட்டுவிடாதீர்கள்.

முடி இறக்க மலையேறியபோது, இடது காலை எந்தப் படியில் வைத்தேன் என்பது குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது.

"கொயந்தைய என்கிட்ட குடு," என்றார் என் கணவர்.

"நானே தூக்கிக்கினு வரேன், பாவா." அவர் என் மாமன் மகன், அப்படித்தான் கூப்பிடுவேன்.

"சரி, மெல்ல வா. மலை எங்க ஓடிடப் போவுது?"

வேலை அவிழ்த்து உண்டியலில் போட்டேன். நோய் போய்விட்டதா, வேறெங்காவது நகர்ந்து நிற்கிறதா, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மூச்சும் வந்து சேர்வதைக் கவனிக்கிறேன். மொட்டைத் தலையில் சந்தனம் காயுமுன், என் நெஞ்சில் நிழல் முதலில் தெரிந்த அதே இடத்தில் முகம் புதைத்துப் பிள்ளை தூங்கிப் போனான்.